வொர்க் ஃப்ரம் ஹோம், ஹைப்ரிட்: மாலை ஆறரைக்கு மேல் அது யாருடைய நேரம்?

ஓஎம்ஆர்_டெஸ்ட்லீட்:

எங்கள் டீமில் 14 பேர். வாரம் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு. கிளையண்ட் நியூயார்க் பக்கம். அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 7.30. அங்கே நாள் தொடங்கும்போதுதான் இங்கே உண்மையான கேள்விகளும் முடிவுகளும் வரும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, பூமி உருண்டை.

முன்பு ஏழு மணிக்குக் கிளம்பும் கம்பெனி வண்டியை (கேப்) விட்டால் வீட்டுக்குப் போவது பெரும்பாடு, அது கிளையண்டுக்கும் தெரியும், அதனால் கிளையண்டோடு பேசும் கால் (போன், வீடியோ அழைப்பு) தானாக முடிந்துவிடும். இப்போது எல்லோர் வீட்டிலும் லேப்டாப் இருக்கிறது. "சாப்பிட்டுவிட்டு ஒரு பதினைந்து நிமிடம் வர முடியுமா" என்று கேட்கிறார்கள், அந்தப் பதினைந்து நிமிடம் பத்தரைக்கு முடிகிறது. அடுத்த நாள் காலை 9.30-க்கு அலுவலக வாசலில் கார்டை ஸ்வைப் செய்யாவிட்டால் மெயில் வரும். காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்த நேரத்துக்குக் கணக்கு இருக்கிறது, இரவு வீட்டில் உட்கார்ந்த நேரத்துக்குக் கணக்கே இல்லை. என் டீமில் பிரச்சினையின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஹெச்.ஆர். தரப்பில் ஆன்லைன் யோகா, மனநல வாரம் எல்லாம் நடத்துகிறார்கள். அந்த யோகா வகுப்பும் மாலை 6.30-க்குத்தான். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் நேரம் இல்லை என்கிறவனுக்கு இன்னொரு மீட்டிங் கொடுத்தால் எப்படி? எனக்கு வேண்டியது உங்கள் டீமில் உண்மையாகவே வேலை செய்த ஏற்பாடு. என்ன செய்தீர்கள், கிளையண்ட் எப்படி ஒத்துக்கொண்டார், எது உடைந்தது, எல்லாம் சொல்லுங்கள்.

சரவணம்பட்டி_தேவ்:

எங்களுக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரை கிளையண்ட்தான். நாங்கள் செய்தது ரொம்ப எளிது. அலுவலகம் போகிற நாளில் மாலை கால் கிடையாது, வீட்டில் இருக்கிற நாளில் மட்டும்தான். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மாலை 6.30 முதல் 8.30 வரை நாங்கள் முழுக்கக் கிடைப்போம், எதை வேண்டுமானாலும் அப்போது கேளுங்கள், மற்ற நாளில் எழுதி வையுங்கள், காலையில் நீங்கள் எழுந்திருக்கும்போது பதில் இருக்கும் என்று சொன்னோம். அந்த இரண்டு நாளும் காலை லாகின் 11.30-க்கு. நாளின் நீளத்தைக் கூட்டவில்லை, நாளையே இரண்டு மணி நேரம் நகர்த்தினோம்.

கிளையண்ட் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் எங்கள் மேல் கருணை பிறந்தது இல்லை. எழுதி வைத்த கேள்விக்குக் கிடைக்கிற பதில், இரவு பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சொல்கிற பதிலைவிட நன்றாக இருந்தது. முதலில் ஒரு மாதம் சோதனையாகத்தான் கேட்டோம். நிரந்தரமாக மாற்றுங்கள் என்று கேட்டிருந்தால் நடந்திருக்காது.

உடைந்தது எது என்று கேட்டீர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள்தான் உடைத்தார்கள். கிளையண்ட் புதன்கிழமை இரவு கேட்டதற்கு அன்றைக்கே பதில் போட்டு நல்ல பெயர் வாங்க இரண்டு பேர் போட்டி போட்டார்கள். இதை லீட் கூப்பிட்டுப் பேசி நிறுத்தவில்லை என்றால் எந்த விதியும் நிற்காது அண்ணே.

வேளச்சேரி_அம்மா:

நான் இதைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறேன். எனக்கு இரண்டரை வயதுப் பெண் குழந்தை. மாலை 6 முதல் 8.30 வரைதான் அவள் என்னோடு விழித்திருக்கும் நேரம், சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் அதற்குள். தேவ் சொன்ன அந்த இரண்டு மணி நேரம் என் வீட்டில் முடியவே முடியாது. ஆனால் 9 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் என்னால் நிம்மதியாக உட்கார முடியும், அதை நானே விரும்பித்தான் செய்கிறேன். இப்போது எல்லோரும் "ஏழு மணிக்கு மேல் யாரும் ஆன்லைன் வரக் கூடாது" என்று விதி போட்டால் அது எனக்கு உதவி இல்லை. பகலில் நான் விட்ட நேரத்தை எப்போது ஈடு கட்டுவது?

என் மேனேஜர் செய்த ஒரு நல்ல காரியம், என் காலண்டரில் 6 முதல் 8.30 வரை அடைத்து வைக்கச் சொல்லி, அதன் மேல் யாரும் மீட்டிங் போடக் கூடாது என்று டீம் முழுவதுக்கும் எழுதியது. நானே அடைத்து வைத்திருந்தால் "இவளுக்கு மட்டும் என்ன" என்று வந்திருக்கும். மேலே இருக்கிறவர் சொன்னதால் அது வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். அலுவலகம் பாதி என்றால் வீடு மீதி. வீட்டில் இருக்கிறேன் என்றால் நான் சும்மா இருக்கிறேன் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் நான், குழம்பு கொதித்தால் நான், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நான். என் கணவருக்கும் அதே இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலைதான், ஆனால் அவர் அறைக் கதவைச் சாத்தினால் யாரும் தட்டுவதில்லை. இதை எந்தக் கம்பெனிக் கொள்கையும் சரி செய்யாது, வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். நாங்கள் பேசினோம். இப்போது காலை பத்து முதல் ஒன்று வரை கதவு எனக்கும் சாத்தியிருக்கும்.

2017-இல் பேறுகாலப் பயன் சட்டத்தைத் திருத்தியபோது 26 வார விடுப்போடு, அதன்பிறகு வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருவரும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் ஒரு பிரிவு வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும். பிரசவத்துக்குப் போகிற தங்கைகள் ஹெச்.ஆரிடம் இதை எடுத்துக் காட்டிக் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

டெலிவரி_மேனேஜர்_20வருடம்:

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் கேளுங்கள். நாம் விட்டால் மணிலாவில் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது, போலந்தில் இருக்கிறது. ப்ரொடக்‌ஷனில் (கிளையண்ட் அன்றாடம் ஓட்டும் சிஸ்டத்தில்) பில்லிங் நின்றுபோனால் "நாளைக் காலை 11.30-க்குப் பார்க்கிறோம்" என்று நான் கிளையண்டிடம் சொல்ல முடியாது. அப்புறம் வீட்டில் இருக்கிற நாளில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பாதிப் பேர் கிடைப்பதில்லை, அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. நேரத்தைக் கணக்கிட வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் கணக்கிட வேண்டும். நான் ஃப்ரெஷராக இருந்தபோது இரவு பகல் பார்க்காமல் உழைத்துத்தான் மேலே வந்தேன்.

ஓஎம்ஆர்_டெஸ்ட்லீட்:

சார், ப்ரொடக்‌ஷன் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதற்குத்தான் ஆன்-கால் என்று ஒன்று இருக்கிறது. இந்த வாரம் இவர், அடுத்த வாரம் அவர் என்று முறை வைத்து, அதற்கு அலவன்ஸ் கொடுத்து, இரவு எழுப்பினால் மறுநாள் காம்ப் ஆஃப் (ஈட்டு விடுப்பு) கொடுத்தால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஒருவர் விழித்திருக்க வேண்டிய இரவில் 14 பேரும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்குகிறார்கள். கோளாறு அங்கேதான்.

மதியம் கிடைக்காதவர்கள் பற்றி: முந்தைய இரவு பத்தரை வரை காலில் இருந்தவர் மதியம் இரண்டு மணிக்குப் படுத்தால் அதை நான் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். இரவு நேரத்தையும் எழுதுங்கள், மதியத்தையும் எழுதுங்கள், கூட்டிப் பார்ப்போம். காலை 9.30 முதல் இரவு 10 வரை, நடுவில் சாப்பாடு, டீ, பயணம் என்று இரண்டு மணி நேரம் கழித்தாலும் வாரத்துக்கு 50 மணி நேரத்தைத் தாண்டுகிறது. சனிக்கிழமை மென்பொருள் ரிலீஸ் இருந்தால் 55. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 என்றார். அந்த எண்களைக் கேட்ட அன்று என் டீமில் இருபத்தைந்து வயதுப் பையன் பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

மெல்பர்ன்_தமிழன்:

இங்கே ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டமாகிவிட்டது. 15 பேருக்குக் குறைவான சிறு நிறுவனங்களுக்கு 2025 ஆகஸ்ட் 26 முதல். பலர் நினைக்கிற மாதிரி மேனேஜர் போனே செய்யக் கூடாது என்று அதில் இல்லை. அவர் செய்யலாம், நீங்கள் எடுக்காமல் இருக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தால் மட்டும் சிக்கல். நியாயமா என்று பார்க்கும்போது எதற்காகக் கூப்பிட்டார்கள், எவ்வளவு தொந்தரவு, கூடுதல் நேரத்துக்குப் பணம் உண்டா, உங்கள் பொறுப்பு என்ன, வீட்டுச் சூழ்நிலை என்ன என்பதையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள். இந்த அளவுகோல்கள் நமக்கும் பயன்படும் என்று தோன்றுகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் டீமில் உட்கார்ந்து இதே கேள்விகளைக் கேட்கலாமே.

பிரான்ஸில் 2017 ஜனவரி முதல் இது சட்டத்தில் இருக்கிறது, போர்ச்சுகலில் 2021 கடைசியில் வந்தது. அதற்கும் முன்பே 2011-இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன், ஷிப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் ஒரு பகுதி ஊழியர்களின் பிளாக்பெரிக்கு மெயில் போவதையே சர்வரில் நிறுத்தியது. டைம்லரில் விடுமுறையில் இருக்கிறவருக்கு வரும் மெயிலைத் தானாக அழித்துவிட்டு, அனுப்பியவருக்கு வேறு ஆளைத் தொடர்பு கொள்ளச் சொல்லும் வசதி கொண்டுவந்தார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்தச் சட்டங்கள் இங்கே இருக்கிறவனைத்தான் காப்பாற்றுகின்றன. என் கூட வேலை செய்கிற சென்னை டீமுக்கு மெல்பர்ன் நேரம் பரவாயில்லை, நாங்கள் நான்கரை ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அவர்கள் சீக்கிரம் எழுந்தால் போதும். அதே கம்பெனியின் அமெரிக்கப் பிரிவுக்கு வேலை செய்கிற சென்னை ஆட்கள் நள்ளிரவில் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் நாட்டு ஆள் தன் வேலை நேரத்துக்குள் மட்டும்தான் மீட்டிங்குக்கு வருவார் என்றால், அது நம் இரவுக்குள்தான் விழுகிறது. கால் நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள், ஒரு வாரம் நீங்கள் சீக்கிரம் எழுந்திருங்கள், ஒரு வாரம் அவர்கள் இரவு உட்காரட்டும் என்று நான் இங்கே மீட்டிங்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்தப் பக்கம் இருக்கிற தமிழர்கள் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும். நாம் கேட்டால் அது புகாராகத் தெரியாது.

தொழிற்சட்டம்_மதுரை:

இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே 2018-இல் இந்தத் தொடர்பைத் துண்டிக்கும் உரிமைக்கென ஒரு தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்தார், 2025 டிசம்பரில் மீண்டும் தாக்கல் செய்தார். தனிநபர் மசோதா எதுவும் 1970-க்குப் பிறகு சட்டமாகவில்லை, அதனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

கையில் இருக்கிற சட்டத்தைப் பார்ப்போம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்கிறது. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதனால்தான் மூன்று வருட அனுபவத்துக்கே ஏதாவது "லீட்" பட்டம் வந்துவிடுகிறது என்று நான் சந்தேகப்படுகிறேன். விசிட்டிங் கார்டில் இருக்கிற பெயர் எதையும் தீர்மானிக்காது, விடுப்பு கொடுக்கும் அதிகாரம், ஆளை எடுக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, சங்கங்கள் எல்லாம் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். கேட்டால் நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. இரவு வேலையை ஒரு நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். ஸ்வைப் பதிவு அவர்களிடம் இருக்கிறது, இரவுப் பதிவு உங்களிடமாவது இருக்கட்டும்.

நைட்ஷிப்ட்_அம்பத்தூர்:

நீங்கள் எல்லோரும் வீடு என்றால் நல்லது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் வாய்ஸ் ப்ராசஸ், அதாவது கால் சென்டர், இரவு ஷிப்ட். 2020-இல் கால் சென்டர்களுக்கான விதிகளைத் தளர்த்திய பிறகு எங்களுக்கும் வீட்டிலிருந்து வேலை வந்தது. எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அறை. நான் இரவு இரண்டு மணிக்கு கஸ்டமரிடம் பேசினால் பக்கத்தில் படுத்திருக்கிற அப்பா எழுந்துவிடுவார், அவர் காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கப் போக வேண்டும். பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தினால் எனக்குத் தூக்கம் போச்சு. ஐந்து நிமிடம் மவுஸ் அசையவில்லை என்றால் சாட்டில் என் ஸ்டேட்டஸ் மஞ்சளாகும், டீம் லீட் மெசேஜ் போடுவார், பாத்ரூம் போனாலும் பதைப்பு. அலுவலகத்துக்கே திரும்பப் போகிறேன் என்று நானே எழுதிக் கொடுத்தேன். கேப் வருகிறது, ஏசி இருக்கிறது, ஷிப்ட் முடிந்தால் முடிந்தது. எனக்கு இதுதான் பேலன்ஸ். யாருக்கு எது ஒத்துவரும் என்று அவரவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்தால் போதும்.

தூத்துக்குடி_ஜூனியர்:

அண்ணா அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் சேர்ந்ததிலிருந்து முழுக்க வீட்டிலிருந்துதான். நான் இரவு வரை உட்காருவதற்குக் காரணம் கிளையண்ட் இல்லை. காலையில் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வேன், சீனியருக்கு மெசேஜ் போடுவேன், அவர் மீட்டிங்கில் இருப்பார், பதில் நான்கு மணிக்கு வரும், அதற்குப் பிறகுதான் என் வேலையே ஆரம்பிக்கும். அலுவலகத்தில் இருந்தால் பக்கத்து சீட்டில் எட்டிப் பார்த்துக் கேட்டிருப்பேன். திரும்பத் திரும்பக் கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று வேறு பயம்.

சரவணம்பட்டி_தேவ்:

தம்பி, இது ரொம்ப முக்கியமான விஷயம், இவ்வளவு நேரம் யாரும் தொடவில்லை. எங்களிடம் தினமும் காலை 11.30 முதல் 12.15 வரை ஒரு சீனியர் கால் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார், தன் வேலையைச் செய்துகொண்டே. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ஸ்கிரீனைக் காட்டிக் கேட்கலாம், கேள்வி இல்லாவிட்டாலும் சும்மா இருக்கலாம். சீனியர்கள் முறை வைத்து உட்காருவார்கள். அது வந்த பிறகு ஜூனியர்கள் ஏழு மணிக்கு லாக் அவுட் செய்வதை நான் கண்ணால் பார்த்தேன். உங்கள் லீடிடம் கேட்டுப் பாருங்கள், இதற்குச் செலவே கிடையாது.

டெலிவரி மேனேஜர் சாருக்கும் ஒன்று. ட்ரிப்.காம் என்ற சீனப் பயண நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடத்தி 2024-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வாரம் இரண்டு நாள் வீடு என்று இருந்தவர்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலைத் தரத்திலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை. பெண்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள், மேனேஜர் அல்லாதவர்கள், இவர்களிடம்தான் பலன் அதிகம். ஒரு ஆள் போய் இன்னொரு ஆளை எடுத்துப் பழக்குவதற்கு ஆகும் செலவு உங்களுக்குத்தான் தெரியும்.

டெலிவரி_மேனேஜர்_20வருடம்:

அட்ரிஷன், அதாவது ஆட்கள் வேலையை விட்டுப் போவது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்பார்கள், அது உண்மைதான். நோட்டீஸ் பீரியடில் இருக்கிறவரிடம் பேசினால் பத்தில் ஏழு பேர் சம்பளம் என்று சொல்லித் தொடங்கி இரவு கால் பற்றித்தான் முடிக்கிறார்கள். ஆன்-கால் அலவன்ஸுக்கு பட்ஜெட்டில் இடம் கேட்டால் கிடைக்காது என்று நான் முன்பே முடிவு கட்டிவிடவில்லை, இந்தக் காலாண்டில் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் லீட்களே, என்னிடம் வரும்போது "பசங்க கஷ்டப்படுறாங்க சார்" என்று மட்டும் வராதீர்கள். எந்த இரவு, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், அதில் எது காலை வரை காத்திருந்திருக்கலாம் என்று ஒரு மாதப் பட்டியலோடு வாருங்கள். அது இருந்தால் நான் மேலே பேச முடியும்.

ஹெச்ஆர்_கிண்டி:

டெஸ்ட்லீட் சொன்ன ஸ்வைப் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அது என் துறை. பல கம்பெனிகளில் நேரம் காலை 9.30 என்று மென்பொருளில் பதிந்திருக்கும், ஆனால் கொள்கையில் மாதச் சராசரி மணி நேரம் என்றுதான் எழுதியிருக்கும். முதலில் உங்கள் கொள்கைக் கோப்பை எடுத்துப் படியுங்கள். சராசரி என்று இருந்தால், உங்கள் டீமுக்கு வேறு ஷிப்ட் குறியீடு போட்டுக் கொடுங்கள் என்று மெயில் போடுங்கள், 11.30 முதல் 8.30 வரை என்று. மேனேஜர் ஒப்புதல் போதும், மேலிடம் வரை போக வேண்டியதில்லை. தனித்தனி ஆளுக்கு விலக்கு கேட்டால் நாங்கள் மறுப்போம், ஷிப்ட் மாற்றம் என்று கேட்டால் அது வழக்கமான வேலை. யோகா நேரத்தையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், எங்கள் பக்கத்தில் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள்.

ஓஎம்ஆர்_டெஸ்ட்லீட்:

எல்லோருக்கும் நன்றி. ஹெச்.ஆர். நண்பர் சொன்னதைப் படித்ததும் கொள்கைக் கோப்பைத் தேடிப் பார்த்தேன், எங்களுடையதிலும் மாதச் சராசரி என்றுதான் இருக்கிறது. ஷிப்ட் மாற்றத்துக்கு மெயில் போட்டுவிட்டேன்.

டீமில் உட்கார்ந்து பேசி ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறோம். மாலை கால் திங்கள், புதன் மட்டும், இரண்டும் எங்களுக்கு வீட்டு நாள், அந்த நாளில் லாகின் 11.30. மற்ற இரவுகளுக்கு ஆன்-கால் ஒருவர், போனில் அழைத்தால்தான் அவசரம், சாட்டில் வருவது காலை வரை காத்திருக்கலாம். லீட் யாராவது இரவில் மெயில் எழுதினால் காலை 9.30-க்குப் போகும்படி நேரம் குறித்து அனுப்ப வேண்டும், நானும்தான். வேளச்சேரி அக்கா சொன்ன அந்த மாலை அடைப்பையும் சேர்த்திருக்கிறேன், யார் பெயரும் போடாமல், தேவைப்படுகிற யாரும் இரண்டரை மணி நேரம் அடைத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று. கால் இருக்கிற நாளில் அடைத்தவர் தன் கேள்வியைப் பகலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பட்டியல் எழுதவும் ஆரம்பித்துவிட்டோம்.

கிளையண்ட் இதற்கெல்லாம் சரி என்றார், வெள்ளிக்கிழமை இரவு ரிவ்யூவை மட்டும் விட மறுக்கிறார். தேவ், நவம்பரில் மணி மாறும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இங்கே அது ஒரு மணி நேரம் இன்னும் தள்ளிப் போகுமே.

சரவணம்பட்டி_தேவ்:

நாங்கள் இந்திய நேரத்தில்தான் மீட்டிங்கைப் பதிந்து வைத்திருக்கிறோம், 6.30 என்றால் வருடம் முழுக்க 6.30. நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அவர்களுக்கு அது காலை 8 மணி ஆகும். அக்டோபர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் கிளையண்டில் ஒருவருக்குப் பள்ளியில் பிள்ளையை விட வேண்டும் என்பதால் 8.15 கேட்டார், கொடுத்துவிட்டோம். உங்கள் வெள்ளிக்கிழமை ரிவ்யூவையும் அதே மெயிலில் வியாழனுக்குக் கேளுங்கள். எல்லா நேரமும் மாறுகிற வாரத்தில் கேட்டால் அது தனியாகத் தெரியாது.